பழைய நூலகம் ஏன் ஜில்லென்று இருக்கிறது?

ராயபுரத்தில் ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் வண்டி மாறி எழும்பூரில் இறங்கினால் கன்னிமாரா நூலகம் பக்கம்தான். வடசென்னையில் போட்டித் தேர்வுக்குப் படித்த பலருக்கு இந்த வழி மனப்பாடம். சித்திரை வெயிலில் பாந்தியன் சாலையில் நடந்து வந்து, அந்தப் பழைய கட்டடத்துக்குள் நுழைந்ததும் உடம்பில் ஓர் ஆறுதல் தெரியும். வெளியில் இருந்த காந்தல் சட்டென்று நின்றுபோகும்.

இது எப்படி என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் மூன்று பதில்கள் தயாராக இருக்கும். "அந்தக் காலத்து சுவர் ரெண்டடி, வெயில் உள்ள வராது." "சுண்ணாம்பு குளிர்ச்சி, சிமென்ட் சூடு." "கூரை உயரம், அதான்." மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் எதையும் முழுதாக எடுத்துக்கொள்ள முடியாது. அரைகுறையாகப் புரிந்துகொண்டதை வைத்தே பழைய வீடுகளைச் சீர்செய்கிறோம். சீர்செய்து முடித்ததும் அந்த வீடு புது வீட்டைவிடப் புழுங்குகிறது. அதனால்தான் இதை ஆரம்பத்திலிருந்து எழுத உட்கார்ந்தேன்.

முதலில் கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம். ஆளுநராக இருந்த கன்னிமாரா பிரபு 1890 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார். திறப்பு விழா 1896 டிசம்பரில் நடந்தது. வரைந்தவர் ஹென்றி இர்வின், கட்டியவர் நம்பெருமாள் செட்டி. பாரிமுனை உயர் நீதிமன்றத்தை எழுப்பியதிலும் இந்த இருவரின் பங்கு உண்டு. மெட்ராசில் வீட்டுக்கு வீடு மின்சாரம் வராத காலம் அது. விட்டத்தில் தொங்கும் துணிப் பங்காவை யாராவது கயிறு பிடித்து இழுத்தால்தான் காற்று. படிக்க வருகிறவர் மயங்கி விழாமல் இருக்க வேண்டும், புத்தகம் பூஞ்சை பிடிக்காமல் இருக்க வேண்டும். இரண்டையும் கட்டடமே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

தோசைக்கல்லில் இருந்து தொடங்குவோம்

கனமான இரும்பு தோசைக்கல்லை அடுப்பில் வைத்தால் சூடேற நேரம் எடுக்கும். அடுப்பை அணைத்த பிறகும் கடைசித் தோசை அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். மெல்லிய அலுமினியச் சட்டி அப்படியில்லை. வைத்ததும் கொதிக்கும், இறக்கியதும் ஆறும்.

தகரக் கூரை அலுமினியச் சட்டி மாதிரி. வெயில் பட்ட சில நிமிடங்களில் உள்ளே அனல். தடித்த செங்கல் சுவர் தோசைக்கல் மாதிரி. சூட்டை மெதுவாக வாங்கித் தனக்குள் வைத்துக்கொள்கிறது. ஒரு பொருள் இப்படிச் சூட்டை உள்வாங்கி வைத்திருக்கும் குணத்துக்கு வெப்பத் தேக்கம் என்று பெயர். கனம் கூடினால் தேக்கமும் கூடும்.

சூடு சுவரின் வெளிப்பக்கத்தில் புகுந்து உள்பக்கம் வந்து சேர எடுக்கும் நேரத்தை வெப்பத் தாமதம் என்பார்கள். 9 அங்குலச் செங்கல் சுவருக்கு இது ஏறக்குறைய 6, 7 மணி நேரம். 18 அங்குலச் சுவருக்கு 12 மணி நேரம்கூட ஆகலாம். பூச்சு, ஈரம், செங்கல்லின் தரம் இவற்றைப் பொறுத்து இந்தக் கணக்கு கூடும், குறையும். மதியம் 2 மணி வெயில் அந்தத் தடித்த சுவரின் உள்பக்கம் வந்து எட்டிப் பார்க்கும்போது பின்னிரவு 2 மணி ஆகியிருக்கும். வருகிற வழியில் அதன் வேகமும் தணிந்திருக்கும்.

பகல் 11 மணிக்கு நூலகத்துக்குள் நுழையும் நமக்குக் கிடைக்கும் அந்த ஆறுதலில் ஒரு பங்கு இதுதான். நாம் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் சுவரின் உள்பக்கம் இன்னும் நேற்றிரவின் குளுமையில் இருக்கிறது.

அப்படியானால் வாங்கிய சூடு எங்கே போகிறது?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதில்தான் குழப்பமே தொடங்குகிறது. சுவர் சூட்டை விழுங்கி ஜீரணித்துவிடுவதில்லை, கடனாக வாங்கிக்கொள்கிறது. ராத்திரி அதைத் திருப்பிக் கொடுத்தே தீரும்.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் ஆயா வீடு செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய வீடு. மே மாதத்தில் ராத்திரிச் சாப்பாடு முடித்துவிட்டு மேற்குச் சுவரில் முதுகைச் சாய்த்தால், சுவர் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி வெதுவெதுவென்று இருக்கும். யாராவது ஜன்னலைச் சாத்தப் போனால் ஆயா விடமாட்டார். "சாத்தாதடா, செவுரு மூச்சு உடட்டும்" என்பார். வெப்பத் தேக்கம் என்ற சொல் அவருக்குத் தெரியாது. ஆனால் அதன் ராத்திரிப் பாதி முழுக்க அந்த ஒரு வரியில் இருக்கிறது.

ராஜஸ்தான் மாதிரி வறண்ட ஊரில் பகல் கொளுத்தும், இரவு நன்றாகக் குளிரும். அங்கே தடித்த சுவர் வாங்கிய கடனை ராத்திரிக்குள் அடைத்துவிடும். சென்னையில் மே மாதத்து நள்ளிரவிலும் வெப்பம் 28, 29 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். காற்றில் ஈரமும் அதிகம். எனவே இங்கே தடித்த சுவரை மட்டும் நம்பினால் கடன் ஏறிக்கொண்டே போகும். ராத்திரி முழுக்கக் காற்று வந்து சுவரைத் தடவி அந்தச் சூட்டை வெளியே எடுத்துப் போக வேண்டும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி: தடித்த சுவர் சூட்டைத் தடுப்பதில்லை, தள்ளிப் போடுகிறது. அதற்குள் பகல் கழிந்துவிடுகிறது. ஆனால் ராத்திரியில் சூடு வெளியேற வழி இல்லையென்றால் அதே சுவர் நமக்கு எதிரி.

முதல் வேலை நிழல்

கடன் வாங்கி அடைப்பதைவிட வாங்காமல் இருப்பது நல்லது. சுவருக்கும் அப்படித்தான். வெயில் சுவர்மேல் விழாமலே பார்த்துக்கொள்வதுதான் முதல் பாதுகாப்பு.

உயர் நீதிமன்றத்தின் தாழ்வாரங்களில் நடந்தவர்களுக்கு இது உடனே புரியும். அங்கே வெயில் நேராக அறைச் சுவரில் அடிப்பதில்லை. முதலில் வளைவுகள், அப்புறம் தாழ்வாரம், அதற்குப் பிறகுதான் அறை. 1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் முன்புறத்தில் வரிசையாக நிற்கும் உயரமான தூண்களும் அழகுக்கு மட்டும் வைத்தவை அல்ல. தூண் வரிசைக்குப் பின்னால் இருக்கும் சுவர் நிழலில் நிற்கிறது. ராயபுரம் நிலையம் ஐரோப்பியத் தூண் பாணி. உயர் நீதிமன்றமும் கன்னிமாராவும் இந்தோ-சாரசெனிக், அதாவது இந்திய, இஸ்லாமியக் கட்டட வடிவங்களை ஐரோப்பியக் கட்டட முறையோடு கலந்த பாணி. பாணி வேறாக இருந்தாலும் வெயிலுக்குச் சொல்லும் பதில் ஒன்றுதான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சிவப்புச் செங்கல் வெயிலை நிறையவே உறிஞ்சும். வெள்ளையடித்த சுவர் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். ஆக, "செங்கல் சிவப்பாக இருப்பதால் குளிர்ச்சி" என்று சிலர் சொல்வது தலைகீழ். சிவப்புக் கட்டடத்துக்கு நிழல் இன்னும் கூடுதலாகத் தேவை. ஆழமான தாழ்வாரத்தை எடுத்துவிட்டால் அது வெந்துபோகும்.

கூரைதான் பெரிய சண்டை

சென்னை பூமத்திய ரேகைக்கு 13 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். அந்த மாதங்களில் வீட்டிலேயே அதிக வெயில் வாங்குவது மொட்டை மாடி. கிழக்குச் சுவருக்குக் காலையிலும் மேற்குச் சுவருக்கு மாலையிலும் வெயில் அடிக்கும். மாடிக்கு நாள் முழுக்க.

மாலை 6 மணிக்கு வேலையிலிருந்து வந்து மின்விசிறியைப் போட்டால் அனல் காற்று கொட்டும் அனுபவம் கான்கிரீட் வீட்டில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். 5 அங்குலக் கான்கிரீட் தளம் சில மணி நேரத்தில் சூட்டை உள்ளே இறக்கிவிடும். சூடான தளம் காற்றைச் சூடாக்குவதோடு நிற்பதில்லை. இஸ்திரிக்காரரின் கரிப்பெட்டியைத் தொடாமல் பக்கத்தில் நின்றாலே கன்னத்தில் அனல் அடிக்கும் அல்லவா? அதற்குக் கதிர்வெப்பம் என்று பெயர். தொடாமலே, காற்றின் துணையும் இல்லாமலே பாயும் சூடு. உங்கள் தலைக்குமேல் வீட்டின் அகலத்துக்கு ஓர் இஸ்திரிப் பெட்டி கவிழ்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் சித்திரை மாதத்துக் கான்கிரீட் தளம்.

பழைய ஜார்ஜ் டவுன், வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வீடுகளில் இதற்கு ஒரு விடை இருந்தது. இந்த ஊர்ப் பெயரிலேயே அதை மெட்ராஸ் டெரஸ் என்கிறோம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். இப்படிப்பட்ட தளம் போடத் தெரிந்த கைகள் இப்போது குறைந்துகொண்டே வருகின்றன.

முதலில் சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரமும் அதன்மேல் நெருக்கமாகக் கட்டைகளும் வைப்பார்கள். கட்டைகளின் மேல் மெல்லிய சின்னச் செங்கற்களைப் படுக்கவைக்காமல் குத்துவாக்கில் நிறுத்தி, மூலைவாட்டமாக வரிசைகட்டி, சுண்ணாம்புக் கலவையில் ஒட்டுவார்கள். ஆயா வீட்டில் மல்லாந்து படுத்தால் கட்டைகளுக்கு நடுவே இந்தச் சாய்ந்த வரிசை தெரியும். சிறுவயதில் தூக்கம் வரும்வரை அதை எண்ணுவேன். அதற்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த ஒரு தடித்த அடுக்கு வரும். தொழிலாளர்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். அடிக்க அடிக்கக் காற்றும் நீரும் வெளியேறி அடுக்கு இறுகும். கடைசியில் தட்டோடு, அதாவது தட்டையான ஓடு, பதித்து முடிப்பார்கள்.

எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய முக்கால் அடி கனம். உடைந்த செங்கல்லுக்குள் நுண்ணிய ஓட்டைகள் நிறைய உண்டு. அவற்றில் அடைபட்ட காற்று சூட்டை எளிதில் கடத்தாது. கம்பளி கதகதப்பாக இருப்பதற்கும் இதே காரணம்தான். கனத்தால் தாமதம், ஓட்டையால் தடை, இரண்டும் ஒரே தளத்தில் கிடைக்கின்றன. தட்டோடு உடைந்து மழை நீர் இறங்கினால் கட்டை உளுத்துப்போகும் என்பது இதன் பலவீனம். கவனித்துக்கொள்ள ஆள் இல்லாத வீட்டில் மெட்ராஸ் டெரஸ் நிலைக்காது.

காற்று எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது?

நிழலும் கனமும் வெயிலைச் சமாளிக்கின்றன. புழுக்கத்தைச் சமாளிக்க அவை போதாது. நம் ஊரில் நம்மை வாட்டுவது வேர்வை காயாமல் இருப்பது. காற்று அசைந்தால் வேர்வை ஆவியாகும், ஆவியாகும்போது உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். வெப்பமானியில் ஒரு டிகிரிகூடக் குறையாமலே உடம்பு குளிரும்.

ஒரு பக்க ஜன்னலில் புகுந்த காற்று எதிர்ப்பக்கம் வெளியேறினால் அது குறுக்குக் காற்றோட்டம். உள்ளே வர வழி இருந்து வெளியே போக வழி இல்லையென்றால் காற்று வாசலிலேயே நின்றுவிடும். பெரிய ஜன்னல் வைத்தும் வீடு புழுங்குகிறது என்று குறைப்படுபவர்கள் எதிர்ச்சுவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வடசென்னைக்குக் கடல் கிழக்கே. கோடையில் முற்பகல் கடைசியிலோ நண்பகலிலோ கடற்காற்று உள்ளே நுழையும். மேற்கிலிருந்து வரும் மேல்காற்று பலமாக வீசும் நாளில் அது தாமதமாகும், அன்றைக்குத்தான் ஊரே வேகும்.

இரண்டாவது வழி மேல்நோக்கியது. சூடான காற்று எடை குறைந்து மேலே ஏறும். மேலே திறப்பு இருந்தால் அது வெளியேறும், கீழே இருக்கும் வாசல், ஜன்னல் வழியாக வேறு காற்று உள்ளே வரும். இதை மேல்வழிக் காற்றோட்டம் என்று வைத்துக்கொள்வோம். உயரமான கூரையின் வேலை இங்கேதான் புரியும். சூடான காற்று நம் தலைக்கு மேலே போய்த் தங்க இடம் கிடைக்கிறது, அங்கிருந்து வெண்டிலேட்டர் வழியாகப் போய்விடுகிறது. மேலே திறப்பே இல்லையென்றால் உயரம் கொஞ்ச நேரம்தான் உதவும். மேலே சேரும் சூடு அடுக்கடுக்காகக் கீழே இறங்கும்.

ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். சென்னையில் வீட்டுக்குள்ளும் வெளியிலும் வெப்ப வித்தியாசம் சில டிகிரிதான். அதனால் இந்த மேல்வழி ஓட்டம் மெதுவாகவே நடக்கும். பெரிய வேலை கடற்காற்றுடையது. காற்று அசையாத நேரத்தில்தான் மேல்வழி கைகொடுக்கும்.

இதைச் சோதித்துப் பார்க்க கருவி எதுவும் வேண்டாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அறை நடுவில் வையுங்கள். புகை நேராக ஏறி, மேலே போய் எந்தப் பக்கம் வளைகிறது என்று பாருங்கள். காற்றின் வழி கண்ணுக்குத் தெரியும். கூரைக்கடியில் போய்ச் சுருண்டு நின்றால் அங்கே வழி அடைபட்டிருக்கிறது.

ஜார்ஜ் டவுனில் பல வீடுகள் ரயில் பெட்டி மாதிரி குறுகி நீளமாக, பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டி நிற்கும். பக்கவாட்டில் ஜன்னல் வைக்க முடியாது. அதனால்தான் நடுவில் முற்றம். அந்த வீட்டுக்கு மேல்வழியும் அதுதான், வெளிச்சத்துக்கான வழியும் அதுதான். முற்றத்தின்மேல் ஃபைபர் தகடு போட்டு மூடியவர்கள் ஓர் அறையைச் சேர்த்துக்கொண்டு வீட்டின் மூச்சை நிறுத்திவிட்டார்கள்.

நிழல் வெயிலைத் தள்ளி நிறுத்தும். கனமான சுவரும் தளமும் மிச்சத்தைத் தள்ளிப் போடும். காற்று அதை எடுத்துக்கொண்டு வெளியேறும். மூன்றில் ஒன்று போனாலும் மற்ற இரண்டும் தடுமாறும்.

சுண்ணாம்பு குளிர்ச்சியா?

சுண்ணாம்பு தானாகக் குளிர்ச்சியைத் தருவதில்லை. அதன் சிறப்பு வேறு இடத்தில் இருக்கிறது. வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த மாடியும் சுவரும் வெயிலைத் திருப்பி அனுப்பும், இது ஒன்று. சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் உண்டு. அடைமழையில் சுவருக்குள் போன ஈரம் அதன் வழியாகத் திரும்பி வெளியே வந்து காய்ந்துவிடும். சிமென்ட் பூச்சு அந்த வழியைப் பெரும்பாலும் அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே தங்கும், பூச்சு உப்பும், உதிரும். பழைய சுவர் ஓதம் காக்கிறது என்று மேலும் மேலும் சிமென்ட் பூசுவது பல நேரம் நோயைக் கூட்டுகிற மருந்துதான்.

கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளையும் சேர்த்து, பளிங்கு மாதிரி தேய்த்து முடிக்கும் பூச்சுக்கு மெட்ராஸ் அந்தக் காலத்தில் பேர் பெற்றது. முட்டை சேர்ப்பது பளபளப்புக்கும் பிடிப்புக்கும். குளிர்ச்சிக்கும் முட்டைக்கும் தொடர்பில்லை.

புத்தகத்துக்கு என்ன வேண்டும்?

இப்போது நூலகத்துக்குத் திரும்பலாம். வீட்டில் இல்லாத ஒரு சிக்கல் நூலகத்தில் உண்டு. படிப்பவருக்கு வெளிச்சம் வேண்டும், புத்தகத்துக்கு வெயில் ஆகாது. நேர் வெயில் பட்ட தாள் மஞ்சளாகி நொறுங்கும், அட்டையின் நிறம் வெளுக்கும். ஜன்னலைப் பெரிதாக வைத்தால் வெயில் வரும், அலமாரி வைக்கச் சுவரும் குறையும்.

கன்னிமாராவின் பழைய கூடத்தில் அண்ணாந்து பார்த்தால் இதற்கான விடை தெரியும். உயரமான வளைந்த கூரை, செதுக்கிய மர வேலைப்பாடு, வண்ணக் கண்ணாடிகள். வெளிச்சம் மேலிருந்து, வண்ணக் கண்ணாடியில் வடிகட்டி இறங்குகிறது. வாசகரின் மேசைக்கு வந்து சேரும்போது அது மெத்தென்று பரவியிருக்கும். கீழே சுவரோரம் முழுக்கத் தேக்கு அலமாரிகளுக்கு விட்டாயிற்று. பார்ப்பவர்கள் அந்தக் கண்ணாடியை அலங்காரமாக மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது ஒரு பொறியாளரின் விடையாகத்தான் தெரிகிறது.

அடுத்த எதிரி ஈரம். காற்றில் ஈரம் கூடி, காற்று அசையாமல் நின்றால் பூஞ்சை பிடிக்கும். சென்னையில் ஈரத்தைக் குறைப்பது கடினம், காற்றை அசைய வைக்கலாம். அதனால் புத்தக அலமாரியைச் சுவரோடு ஒட்டவிடாமல் நாலு விரல் இடம் விடச் சொல்வார்கள். வீட்டில் இரண்டு தட்டு புத்தகம் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

ஏசி அறையிலும் இதே விதிதான். பகலில் ஓட்டி ராத்திரி நிறுத்தினால் குளிர்ந்த தாளின்மேல் ஈரக் காற்று படியும். ஒரே சீராக ஓடாத ஏசியைவிட நல்ல காற்றோட்டம் புத்தகத்துக்குப் பாதுகாப்பு. 1954 சட்டத்தின்படி நாட்டில் வெளியாகும் புத்தகங்களில் ஒரு படி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் கன்னிமாராவும் ஒன்று. புத்தகங்கள் சேரச் சேரப் புதுக் கட்டடங்கள் தேவைப்பட்டன.

அடைத்துவிட்ட வழிகள்

எங்கள் பக்கத்தில் பழைய கட்டடம் ஒன்றில் இயங்கும் வாசகசாலைக்குப் பள்ளி நாளிலிருந்து போய்வருகிறேன். சில வருடங்களுக்கு முன் அதைப் புதுப்பித்தார்கள். நல்ல எண்ணத்தில்தான். உயரம் வீணாகிறது என்று கூரைக்குக் கீழே வெள்ளைப் பலகையில் இன்னொரு கூரை போட்டார்கள். வெண்டிலேட்டர்கள் எல்லாம் அந்தப் பலகைக்கு மேலே போய்விட்டன. எதிர்ச்சுவர் ஜன்னல்களை இரும்பு பீரோக்கள் மறைத்தன. தாழ்வாரத்தைத் தடுப்பு வைத்து அலுவலக அறை ஆக்கினார்கள். சுவர் அதே தடித்த சுவர்தான், தளம் அதே தளம்தான். ஆனால் மாலை 5 மணிக்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. "பழைய பில்டிங், அப்படித்தான் இருக்கும்" என்று அங்கே வரும் பெரியவர்களே சொல்வதைக் கேட்கும்போது மனது வலிக்கிறது. கட்டடம் அப்படி இல்லை, அப்படி ஆக்கிவிட்டோம்.

போன கோடையில் ஆயா வீட்டு நடு அறையில் ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தேன். புகை கட்டைகளுக்கு இடையில் போய் அப்படியே நின்றது. மேலே சுழலும் மரக் கதவு வைத்த வெண்டிலேட்டர் இரண்டு உண்டு. அவற்றை இழுக்கும் கயிறு என்றைக்கோ அறுந்து, கதவுகள் பெயின்ட் ஒட்டி இறுகிப் போயிருந்தன. மாமா ஏணி வைத்து ஏறி, உளியால் பெயின்டைச் சுரண்டி எடுத்தார். நான் பாரிமுனை போய்ப் பருத்திக் கயிறு வாங்கி வந்தேன். ஆயா கீழே நின்று, "பாத்துடா, பாத்துடா" என்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். கயிறு கட்டி இழுத்ததும் முதல் கதவு ஒரு முனகலோடு சாய்ந்து திறந்தது. பழைய தூசி கொட்டியது. இன்னோர் ஊதுபத்தியைக் கொளுத்தினோம். புகை ஏறி, உத்திரத்துக்கடியில் ஒரு நொடி தயங்கி, மெல்ல மேற்கே வளைந்து வெளியே போனது.